வி.ஆர். போட்ட சவரக்கத்தி

எனக்குத் தாடை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்ததெல்லாம் சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். கீழுதடு முடிந்த இடத்தில் கழுத்து ஆரம்பித்துவிடும். நடுவில் தாடை வைக்க வேண்டிய நேரத்தில் கடவுள் டீ குடிக்கப் போய்விட்டார் என்று நினைக்கிறேன். டிப்ளமோ படிக்கும்போது தாடி முளைத்தது பாருங்கள், அன்றைக்குத்தான் நான் பிறந்தேன். அடர்த்தியாக, கீழே கொஞ்சம் கூராக வளர்த்து, இல்லாத தாடையை மயிராலேயே கட்டி எழுப்பினேன். ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கார் உதிரிபாகக் கம்பெனியில் என்னைத் 'தாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெருமை.

போன வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் பென்னலூர். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. அரிசிக் குருணையைவிடச் சின்ன பாகங்களின் மேல் பொறித்திருக்கும் எழுத்தைப் பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில் வைத்துப் படித்து, சரி, தப்பு என்று பிரித்துப் போட வேண்டும். ஷிப்டு முழுக்க அதே வேலை. அப்பேர்ப்பட்ட கண் என்னைப் பார்த்து ஓகே சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. அவள் பார்த்தது தாடியோடு இருந்த ஆளை அல்லவா? தாடிக்குள் என்ன இருக்கிறது, அல்லது என்ன இல்லை என்று அவளுக்குத் தெரியாதே.

நிச்சயதார்த்தத்தன்று சாப்பிட்டு முடித்து எல்லோரும் வெற்றிலை மென்றுகொண்டிருந்தபோது பெரியப்பா குண்டைத் தூக்கிப் போட்டார்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். பிள்ளைப்பாக்கத்தில் மனைத் தரகர். எதைப் பற்றிப் பேசினாலும் அவருக்கு மனை விற்கிற குரல் வந்துவிடும். ரசம் நன்றாக இருந்தால்கூட "கார்னர் பிளாட்டு மாதிரி கீது" என்பார். அவர் எதிரில் என் அப்பா வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அந்தப் பெரியப்பா மஞ்சள் பையிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து, பெண் வீட்டார் நடுவில் வைத்துப் பிரித்தார். உள்ளே மடக்குச் சவரக்கத்தி. மாட்டுக் கொம்பில் கைப்பிடி, உடம்பெல்லாம் துரு.

"மாப்பிள்ளை சவரம் எங்க வூட்டு வழக்கப்படிதான். கல்யாணத்துக்கு மொத நாளு இந்தக் கத்திதான் மொகத்துல எறங்கணும். எங்கப்பா, நானு, தோ எந்தம்பி, இந்தக் கத்தி படாம ஒரு ஆம்பள எங்க வூட்ல தாலி கட்டினதில்ல."

அப்புறம் வரலாறு ஆரம்பமானது. பெரியப்பாவின் கொள்ளுத் தாத்தா, அதாவது எனக்கு எள்ளுத் தாத்தா, ஏரிக்கரையில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தாராம். அந்தப் பக்கமாக வந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் குதிரை சேற்றில் மாட்டிக்கொண்டதாம். எள்ளுத் தாத்தா ஒற்றை ஆளாகக் குதிரையை இழுத்துக் கரையில் போட்டாராம். துரை அசந்துபோய், சீமைக்குப் போனதும் ஒரு கத்தி செய்யச் சொல்லி, அதில் எள்ளுத் தாத்தாவின் இனிஷியலைப் பொறித்துக் கப்பலில் அனுப்பினாராம்.

"பாரு, கண்ணால பாரு! வி! ஆர்! அவரு பேரு ஆர்ல ஆரம்பிக்கும், அவங்கப்பா பேரு வில ஆரம்பிக்கும். நடுவுல பாரு, கோயில் கலசம்! பத்திரம் பக்கா, வில்லங்கமே இல்லாத கத்தி!"

கத்தியின் அகலமான பக்கத்தில், துருவுக்கு நடுவே, வி, ஆர் என்று இரண்டு ஆங்கில எழுத்து இருந்தது உண்மை. நடுவில் கலசம் மாதிரியோ பலாப்பழம் மாதிரியோ ஏதோ ஒன்று. எனக்கு அதெல்லாம் கண்ணில் ஏறவே இல்லை. என் தாடி போகப்போகிறது என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. கை தானாகத் தாடியைப் பிடித்துக்கொண்டது.

எதிரில் உட்கார்ந்திருந்த அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெரியப்பாவிடம், "பெரிய மாமா, தாடி இருந்துட்டுப் போவட்டும். தாடி இல்லன்னா எனக்கு வேணாம்" என்றாள்.

சபை கொல்லென்று சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார். "அது ரெண்டு மாசத்துல மொளச்சிக்கும்மா, நீ பயப்படாத."

அவர்களுக்குச் சிரிப்பு. எனக்கோ அந்த 'வேணாம்' காதிலேயே நின்றுவிட்டது. தாடி இல்லாவிட்டால் வேண்டாம் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாளே! அப்படியென்றால் தாடையையும் பார்த்துவிட்டால்? மணவறையிலிருந்தே எழுந்து பென்னலூர் பஸ்ஸைப் பிடித்துவிட மாட்டாளா?

மறுநாளே பெரியப்பாவிடம் சண்டைக்குப் போனேன். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு குழறும், அதனால் சண்டை சரியாக அமையவில்லை. "வழக்கமாவது மண்ணாவது, யாரோ துரைக்குப் பொறந்த கத்திக்கு நான் ஏன் மொகத்தக் காட்டணும்?" என்று கத்தினேன். பெரியப்பாவுக்கும் ஏறிவிட்டது.

"டேய்! அது எங்க கொள்ளுத் தாத்தா இனிஷியல் இல்லன்னு ரூபிச்சிக் காட்டு. காட்டிட்டுத் தாடியோட மணையில குந்து, நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். இந்தா கத்தி, எத்துகினு போ!"

ரோஷத்தில் கொடுத்துவிட்டார். நானும் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இனிமேல் நடந்ததில் என் அறிவு எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும், பரவாயில்லை. எங்கள் கம்பெனியில் நான் இருப்பது வெளியிலிருந்து வரும் பாகங்களைச் சோதிக்கும் இடம். சப்ளை செய்கிறவனை வெண்டர் என்போம். அவன் அனுப்பிய பாகம் சரியில்லை என்றால் அதன் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவோம். ஸ்டிக்கரில் இரண்டே எழுத்து: வி.ஆர். வெண்டர் ரிஜெக்ட். நாள் முழுக்க அதை ஒட்டுகிறவனுக்கு அந்த இரண்டு எழுத்தைப் பார்த்தால் வேறு எதுவும் தோன்றாது. ஆகா, பிடித்துவிட்டேன் என்று குதித்தேன். துரை நன்றி செலுத்தவில்லை, கழித்துப் போட்ட கத்தியை எள்ளுத் தாத்தா தலையில் கட்டியிருக்கிறான்!

அவளுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"அந்தக் காலத்துல வெண்டர் ரிஜெக்ட்டு இருந்துதா?"

"வெண்டர் எந்தக் காலத்துலயும் ஒரே மாதிரிதான்."

"நீங்க ஒண்ணும் பேசாதீங்க. கத்திய எடுத்துகினு சத்திரம் வாங்க."

அவள் ஷிப்டு முடிந்து வரும் நேரத்துக்குச் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். வந்தாள். டீ சொன்னோம். நான் டிபன் பாக்ஸைத் திறந்து கத்தியை எடுத்து விரித்தேன். எங்கள் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் டீயோடு எழுந்து நின்றார்கள். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"தம்பி," என்றார் மெதுவாக, "எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். பொண்ணு சின்னப் பொண்ணு."

"அண்ணே, கல்யாணம்ணே எங்களுக்கு."

"அதுக்கு ஏன் தம்பி கத்தி?"

அவள் இதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. கத்தியை வாங்கி, போன் லைட்டைப் போட்டு, தட்டையாகச் சாய்த்துப் பிடித்தாள். "லைட்ட நேரா அடிச்சா எழுத்து ஓடி ஒளிஞ்சிக்கும். சாய்ச்சி அடிச்சாத்தான் பள்ளத்துல நிழல் வுழும். எங்க லைன்ல மொத நாளே இதான் சொல்லித் தருவாங்க." அப்படி அடித்ததும் அந்தப் பலாப்பழம் பளிச்சென்று எழும்பி வந்தது. கலசமும் இல்லை, பழமும் இல்லை. மேலே சிலுவை வைத்த கிரீடம். எழுத்துப் பள்ளத்தில் அங்கங்கே மஞ்சளாக ஒரு மினுக்கு.

"தங்க முலாம். திராவகத்துல அரிச்சி எழுதி, மேல தங்கம் பூசிகீறாங்க. ரிஜெக்ட்டு பீஸுக்கு எவனாவது தங்கம் பூசுவானா? யோவ், கிரீடம், வி, ஆர். தெரியல? விக்டோரியா ராணி!"

நான் அசந்துவிட்டேன். அப்புறம் இருவரும் போனில் தேடினோம். பழைய சவரக்கத்திகளுக்கென்றே உலகத்தில் ஒரு கூட்டம் பைத்தியம் பிடித்துத் திரிகிறது. அவர்கள் எழுதி வைத்திருந்ததைப் படித்தால், அவள் பாதி சரி. வி என்றால் விக்டோரியாதான். ஆர் என்றால் ராணி இல்லை, ரெஜினா. லத்தீனில் அதற்கும் ராணி என்றுதான் அர்த்தம். ராஜா மாறினால் எழுத்தும் மாறும். அதனால் இந்த இரண்டு எழுத்து இருந்தால் பெரும்பாலும் அந்த ராணி உட்கார்ந்திருந்த காலத்துக் கத்தி.

"எங்க லைன்ல ரெஜினான்னே ஒரு அக்கா கீறாங்க. சொன்னா ஒரு வாரத்துக்குத் தரையில நிக்க மாட்டாங்க" என்றாள்.

இன்னொன்றும் கண்டுபிடித்தாள். அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் விரல் வைத்துப் பிடிக்கும் வால் ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கம் செய்த ஊரின் பெயர் அச்சடித்திருந்தது, நாட்டின் பெயர் இல்லை. நாட்டுப் பெயர் போட்டே ஆக வேண்டும் என்ற சட்டம் பிற்பாடு வந்ததாம். அதுவும் கத்தி பழசு என்பதற்குச் சாட்சி. வாலின் மறுபக்கம் துரு அப்பியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

"ராணி காலத்துல செஞ்சது, கடைக்கு வந்த சரக்கு. உங்க எள்ளுத் தாத்தாவுக்கும் இந்த எழுத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கெடயாது" என்று தீர்ப்பு சொன்னாள். நான் டீ மாஸ்டருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, ஜெயித்த மிதப்பில் வீட்டுக்குப் போனேன்.

பெரியப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நான் கிரீடத்தைக் காட்டினேன், சாய்த்து லைட் அடித்தேன், விக்டோரியா என்றேன், ரெஜினா என்றேன். முடித்துவிட்டு, "அப்போ நம்ம இனிஷியல் இல்ல, சரிதானே பெரியப்பா?" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. கத்தியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ராணியா! நான் சாதா துரைன்னு நெனச்சிகினு இருந்தேனே! ராணியே அனுப்பிச்சிகீறாங்கடா நம்ம வூட்டுக்கு!"

அட தெய்வமே! நான் தலையில் அடித்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. சேற்றில் மாட்டியது இப்போது ராணியின் குதிரை. இரண்டு நாள் கழித்து ராணியே குதிரை மேல் உட்கார்ந்திருந்தார். மனை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் முதலில் கத்தி, அப்புறம்தான் மனை. "அரண்மனக் கத்தி இறங்கின ஊரு சார், கண்ண மூடிகினு வாங்கலாம்." என் தாடிக்கு இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. முன்னே வெறும் வழக்கம், இப்போது ராஜ கட்டளை.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு இரண்டு குடும்பமும் சேர்ந்து காஞ்சிபுரம் போய் முகூர்த்தப் புடவை எடுத்தோம். திரும்பும் வழியில் அவளும் அவள் அம்மாவும் எங்கள் வீட்டில் இறங்கினார்கள். பெரியப்பா வாசலுக்கே ஓடி வந்தார், முகமெல்லாம் பூரிப்பு.

"வாம்மா, வந்து பாரு! ராணி குடுத்தது துருவோட இருந்தா நமக்கு மரியாதையா? புளியில ஊறப்போட்டு, உப்புத்தாள் வெச்சி நானே தேச்சேன். கண்ணாடி மாதிரி கீது!"

மெய்யாகவே கண்ணாடி மாதிரிதான் இருந்தது. அவள் வாங்கிப் பார்த்தாள். முகம் மாறியது. போன் லைட்டைச் சாய்த்து அடித்தாள். திருப்பி அடித்தாள்.

"பெரிய மாமா, ராணி எங்க?"

வி இல்லை. ஆர் இல்லை. கிரீடம் இல்லை. அரித்து எழுதிய எழுத்து ஆழமே இல்லாதது, உப்புத்தாள் பட்டதும் தங்கத்தோடு சேர்ந்து போய்விட்டது. பெரியப்பா கத்தியைப் பிடுங்கி உற்றுப் பார்த்தார். அவர் முகம்தான் அதில் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"இருங்க," என்றாள் அவள். துரு போன வாலின் மறுபக்கத்தில் அவள் விரல் நின்றிருந்தது. "இங்க புள்ளி புள்ளியா என்னமோ கீது."

பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்கள் தெரியுமா, சின்ன உளியை வைத்துத் தட்டித் தட்டி, புள்ளிகளாலேயே எழுத்து? அதே வேலை. அலகு கெட்டி, அதில் உளி இறங்காது. வால் கொஞ்சம் மெத்து, அதனால் அங்கே வெட்டியிருக்கிறார்கள். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு பெண்ணின் பெயர். அதில் வரும் 'ளை' இப்போது எழுதுகிற மாதிரி இல்லை, பழைய யானைத் துதிக்கை போட்ட 'ளை'. அதற்குப் பக்கத்தில் 'சீர்' என்று ஒரு வார்த்தை.

என் அப்பா வாயைத் திறந்தார். அண்ணன் எதிரில் அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். "நம்ம அண்டாவுல இந்தப் பேருதானே கீது?"

சமையலறையிலிருந்து பித்தளை அண்டா வந்தது. எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் வெந்நீர் அதில்தான். எள்ளுப் பாட்டி கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டுச் சீராகக் கொண்டுவந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அண்டாவின் கழுத்தில் அதே பெயர், அதே துதிக்கை, அதே 'சீர்'. அவள் கத்தியையும் அண்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏதோ கம்பெனி பாகம் மாதிரி மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரே உளி, ஒரே கை. துதிக்க இழுத்த எடத்துல ரெண்டுலயும் புள்ளி ஒரே மாதிரி கோணிகீது. பெரிய மாமா, இது துரையும் குடுக்கல, ராணியும் குடுக்கல. பொண்ணு வூட்டுல கடையில வாங்கி மாப்பிள்ளைக்குச் சீரா வெச்சிகீறாங்க."

பெரியப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்டாவை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ குதுர?" என்றார்.

"குதுரயும் இல்ல மாமா."

ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியப்பா அண்டாவின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "செரி. பொண்ணு வூட்டுச் சீருன்னா பொண்ணு வூடு சொல்றதுதான். நீ சொல்லும்மா, தாடி இருக்கணுமா, எடுக்கணுமா?" என்றார்.

எனக்கு ஜெயம்! தாடி பிழைத்தது! அவள்தான் எப்போதோ சொல்லிவிட்டாளே. ஆனால் அவள் என் பக்கம் திரும்பி, "அவரு மூஞ்சி. அவரே சொல்லட்டும்" என்றாள்.

இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதற்குத்தானே இத்தனை அலைச்சல்? பெரியப்பாவைப் பார்த்தேன். குதிரை போய், துரை போய், ராணி போய், ஒரு வெந்நீர் அண்டாவோடு உட்கார்ந்திருந்தார் மனுஷன். என் நாக்கு கோபத்தில்தான் குழறும் என்று நினைத்திருந்தேன், பாசத்தில் அது என் பேச்சையே கேட்காது என்று அன்றைக்குத் தெரிந்தது.

"எடுத்துடுங்க பெரியப்பா," என்றது.

பாழாய்ப்போன நாக்கு.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் சலூன்காரர் வந்தார். கத்தியை விரலில் தடவிப் பார்த்து, "இது வெண்ணெயக்கூட வெட்டாது. கன்னத்துல சும்மா வெச்சி எடுத்துருவோம். நீ எதுக்கும் ஒரு டிடி ஊசி போட்டுக்க" என்றார். பெரியப்பா கத்தியை என் கன்னத்தில் தொட்டு எடுத்தார். மிச்சத்தைச் சலூன்காரர் தன் பிளேடால் முடித்தார். கண்ணாடியைக் காட்டினார். உரித்த கோழி ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நேராக அலமாரிக்குப் போய், கொரோனா காலத்து மாஸ்க் ஒன்றைத் தேடி எடுத்துக் காதில் மாட்டினேன். சளி என்று எல்லோரிடமும் சொன்னேன்.

சாயங்காலம் வரவேற்பு. கோட்டு, மாலை, மாஸ்க். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து நேராக வந்த டாக்டர் மாதிரி மேடையில் நின்றேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள். அப்புறம் ஒரு விரலால் மாஸ்க்கைக் கொக்கி போட்டு இழுத்துக் கழுத்துக்கு இறக்கினாள். என் முகத்தைப் பிடித்து, மேடை விளக்கு பக்கவாட்டில் விழும்படி சாய்த்தாள். சாய்த்து வைத்துப் பார்த்தாள்.

"என்ன, வி.ஆர். தானே?" என்றேன். "ஸ்டிக்கர ஒட்டிடு."

அவள் மேடைக்குக் கீழே பார்த்தாள். பெரியப்பாவும் அப்பாவும் வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டிருந்தார்கள்.

"வெண்டருக்குத் திருப்பி அனுப்ப முடியாது," என்றாள். "வெண்டரே அப்டித்தான் கீறாரு."

நானும் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு முகம். வழித்து மழமழவென்று இருந்த இரண்டு முகத்திலும் உதடு முடிந்த இடத்தில் கழுத்து. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட என் கண்ணில் படவில்லையே!

"நிச்சயத்தன்னிக்கே பாத்துட்டேன். ஒரே அச்சு. தாடிக்குள்ள இன்னா கீதுன்னு தெரியாமயா ஓகே சொன்னேன்?"

"அப்புறம் எதுக்குத் தாடி இல்லன்னா வேணாம்னு அத்தனை பேர் முன்னால சொன்ன?"

"கத்தியப் பாத்ததும் நீ தாடியப் புடிச்சிகினு முழிச்சியே, அத நீ பாக்கல. நான் பாத்தேன். அதான் உனக்காகச் சொன்னேன்." அதுவரை நீங்க, யோவ் என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். நீ என்று அன்றைக்குத்தான் முதலில் சொன்னாள்.

அதற்குள் குடும்பப் படம் என்று பெரியப்பாவையும் அப்பாவையும் மேடையேற்றிவிட்டார்கள். போட்டோகிராபர் கேமராவுக்குப் பின்னாலிருந்து, "சார், தாடையைக் கொஞ்சம் மேல தூக்குங்க" என்று கத்தினார்.

யாரை என்று அவர் சொல்லவில்லை. பெரியப்பா, அப்பா, நான், மூன்று பேரும் ஒன்றாகத் தூக்கினோம். அந்தப் படத்தில் அவள் மட்டும் கேமராவைப் பார்க்காமல், எங்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.